ஒரு டாலருக்கு 640 டன் தண்ணீர்

பனியை எடை போடுவது என் வேலையாக இருந்தது. கனடாவின் வடகிழக்கில் லாப்ரடோர் பீடபூமி. அதன் நடுவே சர்ச்சில் ஃபால்ஸ் நீர்மின் நிலையம். பனி உருகும்போது நீர்த்தேக்கத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் நீரியல் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். அதற்கு முன்னால் ஆனைமலை அடிவாரத்தில், பரம்பிக்குளம் - ஆழியாறு திட்ட மின்நிலையங்களில் மின்வாரியப் பொறியாளன். தென்மேற்குப் பருவமழை எப்போது இறங்கும் என்று வானத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு, அரை வருடத்து மழை முழுவதும் தரையில் குவிந்து கிடப்பதும், அதைத் தராசில் நிறுத்திப் பார்க்கலாம் என்பதும் பேரதிசயமாக இருந்தது.

மார்ச் கடைசியில் அளவெடுக்கப் போவோம். பனி பெரும்பாலும் சேர்ந்து முடிந்திருக்கும், உருகத் தொடங்கியிருக்காது. ஹெலிகாப்டர் ஓர் உறைந்த ஏரியில் இறக்கிவிடும். ஸ்னோஷூ கட்டிக்கொண்டு, குட்டை ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவே குறித்து வைத்த பாதையில் நடந்து, அடியில் பல் வைத்த அலுமினியக் குழாயைப் பனிக்குள் திருகி இறக்குவோம். தரை தட்டியதும் மேலே இழுத்துப் பார்த்தால் நுனியில் கொஞ்சம் மண்ணோ பாசியோ ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் எங்கோ பனிக்கட்டி அடுக்கில் முட்டி நின்றுவிட்டது என்று பொருள், மறுபடி இறக்க வேண்டும். பிறகு பனியோடு சேர்த்துக் குழாயை ஸ்பிரிங் தராசில் தொங்கவிடுவோம். ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. காற்றடித்து இறுகிய பனியும் நேற்று விழுந்த பனியும் ஒரே உயரம் நின்றாலும், தண்ணீரில் ஒன்று மற்றதற்கு இரண்டு மூன்று மடங்கு. ஒன்றேகால் மீட்டர் பனி உருகினால் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரின் கனம்தான் எங்களுக்கு வேண்டியது.

இங்கே தண்ணீரின் விலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான். நிலையத்துக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அந்தப் பரப்பில் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் கூடினால் 7 கோடி டன். டர்பைன் வரை விழும் உயரம் சுமார் 312 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு டன் தண்ணீர் முக்கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமாக மின்சாரம் தரும். ஆக, என் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 5.5 கோடி யூனிட். பக்கத்து மாகாணமான கியூபெக் அதற்குக் கொடுக்கும் விலை, 2016 செப்டம்பரிலிருந்து, யூனிட்டுக்கு 0.2 சென்ட். சென்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு டாலர் கையில் கிடைக்க 640 டன் தண்ணீர் விழ வேண்டும். எல்லையைத் தாண்டிய பின் அதே யூனிட் கியூபெக்கின் நுகர்வோருக்கும், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கும் பல மடங்கு விலையில் போகிறது.

நியூஃபவுண்ட்லாந்து - லாப்ரடோர் மாகாணத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த 0.2 சென்ட் காதில் விழும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கியூபெக் ஏமாற்றிவிட்டது என்பார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படியே நம்பினேன். நிலையத்துக்குள் வருடக்கணக்காக இருந்து, தண்ணீர் எங்கே போகிறது, கம்பி எங்கே போகிறது என்று பார்த்த பிறகு, விலையைவிட மூத்த காரணம் ஒன்று இருப்பது புரிந்தது. அது பாதை.

முதலில் நிலையத்தைப் பார்த்துவிடுவோம். மேட்டூரைப் போல ஒற்றைப் பெரிய அணையை அங்கே தேடினால் கிடைக்காது. பீடபூமியின் மேல் சாசர் போல் கிடந்த ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும், தண்ணீர் ஒழுகிப் போகும் இடங்களில் மட்டும் கரை கட்டி ஒன்றாக்கினார்கள். 88 கரைகள், எல்லாம் சேர்த்து 64 கிலோமீட்டர். அப்படி உருவானது 6,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த ஸ்மால்வுட் நீர்த்தேக்கம். மேட்டூர் நீர்ப்பரப்பைப் போல நாற்பது மடங்குக்கும் அதிகம். மின்நிலையம் தரைக்குக் கீழே, சுமார் 300 மீட்டர் ஆழத்தில், கருங்கல் பாறையைக் குடைந்த மண்டபத்தில் இருக்கிறது. அந்த மண்டபத்தின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வரிசையாகப் பதினொரு மெஷின், மொத்தம் 5,428 மெகாவாட். தமிழ்நாட்டின் நீர்மின் நிலையங்கள் அத்தனையையும் கூட்டினாலும் இதில் பாதி வராது. 15 கிலோவோல்ட்டில் பிறக்கும் மின்சாரத்தைப் பாறைக்குள்ளேயே 230 ஆக்கி, மேலே சுவிட்ச்யார்டில் 735 கிலோவோல்ட்டாக உயர்த்தி, மூன்று லைன்களில் அனுப்புகிறார்கள். மூன்றும் தென்மேற்கே, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, கியூபெக் எல்லைக்குப் போகின்றன.

முதல் முறை சுவிட்ச்யார்டில் நின்று அந்தக் கோபுரங்களைப் பார்த்தபோது எனக்கு உறுத்தியது அதுதான். சொந்த மாகாணத்தின் தலைநகரான செயின்ட் ஜான்ஸ் இருப்பது கிழக்கே, கடல் தாண்டிய தீவில். அந்தத் தீவுக்கு அப்போது ஒரு கம்பிகூடக் கிடையாது.

பொள்ளாச்சிப் பக்கம் நிலம் கிரயம் செய்தால் பத்திரத்தில் ‘மாமூல் தடபாத்தியம்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த வரி இல்லாத காட்டை எங்கள் பெரியவர்கள் வாங்க மாட்டார்கள். தடம் இல்லாத காட்டில் எது விளைந்தாலும், வெளியே கொண்டுபோகும் வண்டி பக்கத்துக் காட்டுக்காரர் சொன்ன விலைக்கு அவரிடமே இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும். லாப்ரடோர் அப்படிப்பட்ட நிலம். தரைவழியாக அதற்கு இருக்கும் ஒரே அண்டை மாகாணம் கியூபெக்.

அந்த நிலத்தின் எல்லையே ஒரு பழைய காயம். நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்தது 1949இல்தான். அதற்கு முன் அது தனி ஆட்சிப்பகுதி. லாப்ரடோரின் உள்நாடு யாருக்கு என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய், 1927இல் நியூஃபவுண்ட்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ந்தது. கியூபெக் அதை மனதார ஏற்கவில்லை. இன்றும் கியூபெக் அரசின் வரைபடங்களில் அந்தக் கோட்டின் பக்கத்தில் ‘இறுதியானது அல்ல’ என்ற குறிப்பு இருக்கும்.

நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தின் முதல் பிரதமர் ஜோயி ஸ்மால்வுட். ஏழைத் தீவை முன்னேற்ற வேண்டும் என்று துடித்த மனிதர். லண்டனுக்குப் போய் வின்ஸ்டன் சர்ச்சிலைச் சந்தித்து, ராத்ஸ்சைல்ட் உள்ளிட்ட பெருமுதலாளிகளின் துணையோடு 1953இல் ‘பிரின்கோ’ என்ற நிறுவனத்தை உருவாக்க வைத்தார். ஹாமில்ட்டன் என்றிருந்த ஆற்றுக்கு, 1965இல் சர்ச்சில் இறந்த பிறகு அவர் பெயரையே வைத்தார். மின்சாரத்தைக் கியூபெக் வழியாக அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது திட்டம். கியூபெக் வழி தர மறுத்தது. எங்கள் மண்ணில் ஓடும் கம்பி எங்களுடையதாக இருக்கும், எல்லையில் வைத்து நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றது. 1962 தேர்தலில் ‘எங்கள் வீட்டில் நாங்களே எஜமானர்கள்’ என்ற முழக்கத்தோடு மின் நிறுவனங்களை நாட்டுடைமையாக்க மக்களிடம் ஆணை வாங்கியிருந்த அரசு அது. அந்த மனநிலையில் அடுத்த மாகாணத்துக்குத் தடம் விடுவார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். கடலடியில் கேபிள் போட்டுத் தீவு வழியாகக் கொண்டுபோகும் மாற்றுப் பாதையையும் ஆராய்ந்தார்கள், செலவு கட்டுபடியாகவில்லை.

அப்போது பேசியிருக்க வேண்டியது ஒட்டாவா, அதாவது கனடாவின் மத்திய அரசு. மாகாண எல்லை தாண்டும் எண்ணெய்க் குழாயும் எரிவாயுக் குழாயும் கனடாவில் மத்திய அரசின் கட்டுப்பாட்டில் வருகின்றன. ஒரு திட்டத்தை நாட்டின் பொதுநலனுக்கானது என்று அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு அரசியல் சட்டத்திலேயே உண்டு. லாப்ரடோர் மின்சாரத்துக்காக அந்த அதிகாரத்தை யாரும் கையில் எடுக்கவில்லை. கியூபெக்கில் தேசிய உணர்வு கொதித்துக்கொண்டிருந்த 1960களில், ஒரு மின்கம்பிக்காக அதோடு மோத மத்திய அரசுக்கு மனமில்லை. ஸ்மால்வுட்டும் முறைப்படியான கோரிக்கையை வைக்காமல் பின்வாங்கினார். இந்தச் சண்டையில் என் கோபம் கியூபெக்கைவிட அதிகமாக இந்த மௌனத்தின் மேல்தான். நம் ஊரில் காவிரி, முல்லைப் பெரியாறு என்று தண்ணீருக்கு எவ்வளவோ வழக்கு நடக்கிறது. ஆனாலும் மாநிலங்களுக்கு இடையிலான மின்பாதை மத்திய அமைப்பின் கையில் இருப்பதாலும், 2003 மின்சாரச் சட்டம் திறந்த அணுகலை உரிமையாக்கியதாலும், வடக்கே விளையும் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு வருவதை நடுவில் இருக்கும் மாநிலம் மறிக்க முடியாது. அதன் அருமை எனக்கு லாப்ரடோரில் போய்த்தான் உறைத்தது.

1967இல் சர்ச்சில் ஃபால்ஸில் வேலை தொடங்கியது. விற்பனை ஒப்பந்தம் இறுதியாகக் கையெழுத்தானது 1969 மே 12இல். இந்த இரண்டு வருட இடைவெளியைக் கவனிக்க வேண்டும். மலையைக் குடைந்து பணம் கரைந்துகொண்டிருக்கிறது, வாங்குபவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தம் இல்லாமல் கடன் பத்திரங்களை விற்க முடியாது. நேரம் யார் பக்கம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. 40 வருடம் கழித்து இரு தரப்பும் பேசிப் புதுப்பிக்கலாம் என்றிருந்த பிரிவு, கடைசிக் கட்டத்தில், தானாகவே இன்னும் 25 வருடம் நீளும் என்று மாறியது. விலை ஏறவும் இல்லை. முதல் 40 வருடத்தில் படிப்படியாக இறங்கி, நீட்டிப்புக் காலத்தில் 0.2 சென்டில் நின்றுவிடும். 65 வருடத்தில் ஒரு முறைகூட விலையைத் திரும்பப் பார்க்க வழி வைக்கவில்லை. கணக்கு 1976 செப்டம்பர் 1இல் தொடங்கி 2041 ஆகஸ்ட் 31இல் முடிகிறது. ஒப்பந்தத்துக்குப் பொருந்துவது கியூபெக் சட்டம்.

1969இல் எண்ணெய் ஒரு பீப்பாய் இரண்டு டாலர் அளவில் இருந்தது. அணுமின்சாரம் மிக மலிவாக வரப்போகிறது என்று எல்லோரும் நம்பிய காலம். நான்கே வருடத்தில், 1973 எண்ணெய் நெருக்கடியில், அந்தக் கணக்கு எல்லாம் கவிழ்ந்தது. அப்போது நிலையத்தின் மெஷின்கள் எல்லாம் ஓடத் தொடங்கவும் இல்லை.

கியூபெக் தரப்பை நான் அறிந்துகொண்டது, மாண்ட்ரியலில், கியூபெக்கின் அரசு மின் நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக்கின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நண்பர் மூலம். நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் சொல்வார்: “நாங்கள் வாங்கியது வெறும் மின்சாரத்தை அல்ல, ஆபத்தையும் சேர்த்துத்தான். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொண்டு பணம் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். கட்டுமானச் செலவு எகிறினால் தாங்கிக்கொள்வோம் என்றோம். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் கடன் கொடுத்தார்கள். எண்ணெய் விலை விழுந்திருந்தால், பாவம் கியூபெக் என்று நீங்கள் விலையைக் குறைத்திருப்பீர்களா?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. 735 கிலோவோல்ட்டில் இவ்வளவு தூரம் மின்சாரம் கொண்டுபோகலாம் என்று உலகத்துக்கே முதலில் செய்து காட்டியவர்கள் அவர்கள். 1965இல் மனிக்குவாகன் ஆற்றிலிருந்து மாண்ட்ரியலுக்கு அந்த லைனை ஓட்டினார்கள். அது இல்லாமல் சர்ச்சில் ஃபால்ஸ் காகிதத்திலேயே இருந்திருக்கும். அவர்கள் ஏற்ற ஆபத்து உண்மை. ஆனால் ஆபத்துக்கும் ஒரு காலம் உண்டு. கடன் அடைந்து, நிலையம் ஓட்டம் பிடித்த பிறகு அதே கூலியை இன்னொரு தலைமுறைக்கும் கேட்பது, ஆபத்துக்கான கூலியாகாது. அது பாதை கையில் இருந்ததற்கான கூலி. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, “அதற்கும் எங்கள் ஆட்கள் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களே” என்றார்.

நீதிமன்றமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. 1974இல் நியூஃபவுண்ட்லாந்து மாகாண அரசு பிரின்கோவிடமிருந்த பங்குகளை வாங்கி, நிலையத்தில் 65.8 சதவீதத்துக்கு உரிமையாளரானது, மீதி 34.2 சதவீதம் ஹைட்ரோ-கியூபெக்கிடம். 1976இல் தன் தேவைக்காக 800 மெகாவாட் கேட்டது. 1980இல் தண்ணீர் உரிமையையே திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் செல்லாது என்று 1984இலும், 800 மெகாவாட்டுக்கு உரிமையில்லை என்று 1988இலும் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசிப் பெரிய வழக்கு 2018 நவம்பர் 2இல் முடிந்தது. எதிர்பாராத மாற்றம் வந்தால் விலையைத் திரும்பப் பேச வேண்டிய கடமை நல்லெண்ணத்தின் பேரில் உண்டு என்பது வாதம். ஏழு நீதிபதிகள் மறுத்தார்கள்; நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்த நீதிபதி மால்கம் ரோவ் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அந்தச் சமயத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு: கியூபெக் அடைந்த லாபம் சுமார் 2,800 கோடி டாலர், நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிடைத்தது சுமார் 200 கோடி. பெரும்பான்மைத் தீர்ப்பைப் படித்தேன். சட்டமாக அதில் எனக்குக் குறை தெரியவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் அனுபவசாலிகள், ஆபத்தை யார் சுமப்பது என்று தெரிந்தே பங்கிட்டார்கள் என்கிறது தீர்ப்பு. அந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கு ஒருவர் மட்டும்தான் வேறு வழியோடு வந்திருந்தார் என்பது சட்டத்தின் கேள்விக்குள் வரவில்லை.

இந்த வழக்குகளுக்கு நடுவில் நாங்கள் இரு பக்கமும் தினமும் ஒன்றாக வேலை பார்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை மெகாவாட் வேண்டும் என்று மாண்ட்ரியலிலிருந்து வரும். எங்கள் பக்கம் மெஷினை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ஜனவரியில் மாண்ட்ரியல் மைனஸ் 25 டிகிரிக்குப் போகும் காலைகளில் அங்குள்ள வீடுகளின் மின்ஹீட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். அந்தக் காலைகளில் பதினொரு மெஷினும் ஓடியாக வேண்டும். 1998இல் குளிர்கால இருப்பு உத்தரவாதத்துக்கென்று தனி ஒப்பந்தம் போட்டு, அதற்காக கியூபெக் கூடுதல் பணம் தர ஒப்புக்கொண்டது. நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்கு அது உயிர்மூச்சு மாதிரி வந்த வருமானம். அந்த உத்தரவாதத்தால் ஓவர்ஹால் எல்லாம் குறுகிய கோடைக்குள் முடிந்தாக வேண்டும். நவம்பர் பிறந்துவிட்டால் எந்த மெஷினையும் திறந்து போட முடியாது. ஒரு மெஷின் டிரிப் ஆனால் இரவு இரண்டு மணிக்கும் ஆள் இறங்கும். மறுமுனையில் பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் நன்றி சொல்வார்கள். அரசியல்வாதிகள் தொலைக்காட்சியில் பேசிய சூடு அந்தத் தொலைபேசியில் ஒரு நாளும் வந்ததில்லை.

இரண்டு மாகாணங்களின் சண்டை என்று நான் எழுதிக்கொண்டே போகிறேன். அந்த நிலத்தில் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இன்னு மக்கள். நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய ஏரிகளில் பெரியது மிச்சிக்கமாவ். கரிபு மான் வேட்டைக்குப் போகும் வழியும், முகாம்களும், முன்னோரின் புதைகுழிகளும் இருந்த ஏரி. வெள்ளம் வரப்போகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பனி அளவெடுக்க எங்களோடு வந்த இன்னு பெரியவர் ஒருவர், உறைந்த நீர்த்தேக்கத்தின் மேல் நின்று காலால் பனிக்கட்டியைத் தட்டிக் காட்டினார். கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன கேனு படகுகளும் பொறிகளும் இதற்குக் கீழே எங்கோ கிடக்கின்றன, அடுத்த பருவத்தில் வந்து பார்த்தபோது கரையே இல்லை என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் கால் நிற்கவில்லை. தண்ணீர் திருப்பப்பட்டதிலிருந்து, 75 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த சர்ச்சில் ஃபால்ஸ் பேரருவியும் வருடத்தின் பெரும்பகுதி ஈரப் பாறைதான்.

2011இல் மாகாணம் இன்னு மக்களோடு செய்த உடன்பாட்டில், மேல் சர்ச்சிலில் இழந்த நிலத்துக்காக 2041 வரை ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. 2020இல் அவர்கள் ஹைட்ரோ-கியூபெக் மேல் 400 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். மின்சாரம் பாயத் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆன பிறகு.

பாதை விஷயத்துக்கு வருகிறேன். அது கொஞ்சம் திறந்ததும் ஒட்டாவாவால் அல்ல. 1996இல் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், எங்கள் சந்தையில் விற்க வேண்டுமானால் உங்கள் கம்பியை மற்றவர்களுக்கும் திறந்துவிடுங்கள் என்ற விதியைக் கொண்டுவந்தது. நியூ இங்கிலாந்துக்கு விற்க ஆசைப்பட்ட ஹைட்ரோ-கியூபெக் 1997இல் தன் பாதையைக் கட்டணத்துக்குத் திறந்தது. அதன் பயனாக 2009இல் நியூஃபவுண்ட்லாந்து, பழைய ஒப்பந்தப்படி தனக்கென எடுத்துக்கொள்ளக்கூடிய 300 மெகாவாட்டில் மிஞ்சியதை, கியூபெக் வழியாகவே வாடகை கட்டி அமெரிக்க எல்லை வரை கொண்டுபோய் விற்றது. அளவு சிறியதுதான், சுமார் 130 மெகாவாட். 40 வருடம் முடியாது என்று சொன்ன ஒன்று, விதி மாறியதும் ஒரு கட்டணப் பட்டியலாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் அன்று எல்லோருக்கும் முகம் மலர்ந்திருந்தது.

ஆனால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கட்டப்போகும் புதிய நிலையங்களுக்கு அதே பாதையில் பெரிய அளவில் இடம் கேட்டபோது, கியூபெக்கின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு 2010 மே மாதத்தில் மறுத்தது. அந்த வருடமே அன்றைய மாகாணப் பிரதமர் டேனி வில்லியம்ஸ், கியூபெக்கைச் சுற்றிக்கொண்டு போகிறோம் என்று அறிவித்தார். மஸ்க்ரட் ஃபால்ஸில் 824 மெகாவாட் நிலையம். அங்கிருந்து 1,100 கிலோமீட்டர் நேர்மின் லைன் கடலடி வழியாகத் தீவுக்கு. தீவிலிருந்து இன்னொரு கேபிள் நோவா ஸ்கோஷியாவுக்கு. 2012இல் ஒப்புதல் தந்தபோது வட்டி நீங்கலாகச் சொன்ன செலவு 620 கோடி டாலர். வட்டியும் சேர்ந்து முடிவில் 1,300 கோடியைத் தாண்டியது. 2020இல் வெளிவந்த நீதிபதி லெப்லாங்க் விசாரணை அறிக்கை, செலவையும் ஆபத்தையும் குறைத்துக் காட்டினார்கள் என்று விரிவாகப் பதிவு செய்தது. ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் மாகாணத்தின் தலையில் அந்தக் கடன் ஏறியது.

அந்த முடிவைப் பலர் ஆணவம் என்றார்கள். எனக்கு அது பயத்திலிருந்து பிறந்த முடிவாகவே படுகிறது. இன்னொரு முறை தடமில்லாமல் நிற்கக் கூடாது என்ற பயம். 1969இன் விலை 0.2 சென்டோடு முடியவில்லை; மஸ்க்ரட் ஃபால்ஸின் கடனையும் அதில் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

2024 டிசம்பர் 12இல் செயின்ட் ஜான்ஸில் இரண்டு மாகாணப் பிரதமர்களும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். நியூஃபவுண்ட்லாந்தின் ஆண்ட்ரூ ஃபியூரி 1969 ஒப்பந்தத்தின் நகலைக் கிழித்தார். பக்கத்தில் கியூபெக்கின் பிரான்சுவா லெகோ. 2041 வரை காத்திராமல் பழைய ஒப்பந்தத்தை முடித்து, 2075 வரை புதியது. சராசரி விலை யூனிட்டுக்கு 5.9 சென்ட்; ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கல் ஐலண்டில் 2,250 மெகாவாட் புதிய நிலையம்; சர்ச்சில் ஃபால்ஸிலேயே இரண்டாவது மின்நிலையம். என் பழைய கணக்கில் போட்டால் ஒரு டாலருக்கு 640 டன் என்பது 22 டன்னாக இறங்குகிறது. நான் அப்போது ஓய்வுபெற்று மாண்ட்ரியலில் இருந்தேன். கனடாவிலேயே மிகக் குறைந்த வீட்டு மின்கட்டணம் இங்கேதான். நான் எடை போட்ட தண்ணீரில்தான் என் வீடும் சூடாகிறது. அன்று இரவு பழைய சகாக்களோடு பேசி முடிக்க நள்ளிரவு ஆனது. சிலர் அழுதார்கள். சிலர், மறுபடியும் 50 வருடமா என்று கேட்டார்கள். அது புரிந்துணர்வு ஒப்பந்தம் மட்டும்தான், கட்டுப்படுத்தும் இறுதி ஒப்பந்தம் அல்ல. 2025 அக்டோபர் தேர்தலில் நியூஃபவுண்ட்லாந்தில் ஆட்சி மாறியது. சுதந்திரமான ஆய்வும் மக்கள் வாக்கெடுப்பும் நடத்திய பிறகே முடிவு என்று வாக்குறுதி தந்து வந்தவர்கள் பதவிக்கு வந்தார்கள்.

அந்த ஆய்வைச் செய்பவர்கள் விலையைப் பற்றி நிறையப் பேசுவார்கள், பேசட்டும். விலை இன்னும் உயர்த்திக் கேட்கலாமா என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஒரு நீரியல்காரனாக நான் கேட்பது மூன்று. விலை குறிப்பிட்ட வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பேசப்படும் என்று தேதியோடு எழுதுங்கள். கியூபெக் வழியாக மூன்றாமவருக்கு விற்கும் உரிமையை மெகாவாட் கணக்கில் எழுதுங்கள். இன்னு மக்களைக் கையெழுத்துக்குப் பிறகு அழைக்காதீர்கள், முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். எதுவும் கூடிவராமல் போனால், பழைய ஒப்பந்தம் 2041 ஆகஸ்ட் 31 நள்ளிரவில் காலாவதியாகும். மறுநாள் காலை முதல் அந்தப் பழைய விலை யாரையும் கட்டுப்படுத்தாது. சுவிட்ச்யார்டிலிருந்து கிளம்பும் அந்த மூன்று 735 கிலோவோல்ட் லைன்களும் அன்றும் கியூபெக்குக்குத்தான் போகும்.